நிலத்தடிச் செல்வத்தின் கணக்கும் பிரஜைகளின் உரிமையும்

ஒரு தேசத்தின் சம்பத்து எவ்வளவு என்று கேட்டால், கண்ணுக்குப் புலப்படும் வயலையும் ஆலையையும் அணையையும் சுட்டிக்காட்ட யாரும் தயங்குவதில்லை. ஆனால், அந்த வயலுக்கு நீரையும் ஆலைக்குத் தாதுவையும் அணைக்குக் கல்லையும் மணலையும் வழங்கிக்கொண்டிருக்கும் பூமியின் கீழே எஞ்சியிருப்பது எவ்வளவு, ஆண்டுதோறும் எடுக்கப்படுவது எவ்வளவு, எடுப்பதற்கு அனுமதி பெற்றவர் யார் என்னும் மூன்று கேள்விகளை, கிணறு வற்றி, ஆறு பள்ளமாகி, குடிநீர் உப்புக் கரிக்கத் தொடங்கும் வரையில் நாம் எழுப்புவதேயில்லை. அதற்குப் பிறகு எழுப்பும் கேள்விக்குப் பதில் கிடைத்தாலும் பரிகாரம் கிடைப்பது அரிது. ஆகவே, நிலத்தடியின் கணக்கை உரிய காலத்தில் கேட்டுப் பெறுவது ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமையாவதோடு கடமையுமாகும்.

கனிமம் வேறு, நீர் வேறு என்று பிரித்து எண்ணுவது காகிதத்தில் மட்டுமே சாத்தியம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தமது நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, நீரோடு கரிய பொருளும் மேலே வந்ததே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி உலகுக்குத் தெரியவந்த வரலாறு. 1956இல் அங்கே அரசு நிறுவனமும் அமைந்தது. அந்த நிலக்கரிப் படுகைக்குக் கீழே, மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் நீர் நிறைந்த மணற்படுகை ஒன்று இருப்பதால், அந்நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கத்தின் தரை நிலைக்காது. கரியை எடுப்பவர் நீரையும் எடுத்தே தீரவேண்டியிருக்கும் இடத்தில், கரியின் கணக்கை மட்டும் பார்த்து, சுற்றுவட்டாரக் கிணறுகளின் கணக்கைப் பாராமல் விடுவது பாதிக் கணக்கேயாகும்.

கணக்கெடுக்கும் முறையையும் பொதுஜனங்கள் ஓரளவு அறிந்திருப்பது நலம். 1851இல் தோன்றிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் பாறைகளை ஆராய்ந்து, மேலோட்டமான தேடலிலிருந்து நுணுக்கமான துளை ஆய்வு வரையில் நான்கு படிகளாகக் கனிமத்தை நிர்ணயம் செய்கின்றனர். முதற்படியில் சொல்லப்படும் தொகை வெறும் ஊகத்தை ஒட்டியதே. பூமிக்குள் இருப்பதாக மதிப்பிடப்படுவது வேறு, லாபகரமாக வெட்டியெடுக்கத்தக்கது என்று நிரூபிக்கப்பட்டது வேறு என்பதை மறந்து, பெரிய எண்ணைக் கேட்டவுடன் ஊருக்குப் பெருஞ்செல்வம் வந்துவிட்டதாக மகிழ்வது அறிவுடைமையாகாது. நீருக்கோ மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநிலத் துறையும், கண்காணிப்புக் கிணறுகளில் அளவு நாடாவை இறக்கி, ஆண்டில் பல பருவங்களில் நீர்மட்டத்தைக் குறித்து, மழையால் ஊறுவதையும் மோட்டாரால் இறைப்பதையும் ஒப்பிடுகின்றனர். ஊறும் நீரில் எடுக்கத்தக்கதாக வகுத்த அளவில் இறைப்பு 70 சதவீதத்துக்கு உட்பட்டிருந்தால் பாதுகாப்பான பகுதி. 90 வரை மித அபாயப் பகுதி. 100 வரை அபாயப் பகுதி. அதற்கும் மேற்பட்டால் அதிநுகர்வுப் பகுதி. தமிழ்நாட்டில் இந்தப் பாகுபாடு குறுவட்டம் தோறும், அதாவது பிர்காவாரியாக, செய்யப்படுகிறது. கனிமம் செலவழித்தால் திரும்பாத முதல். நீரோ மழை தரும் வட்டி. அதிநுகர்வுப் பகுதியில் இருப்பவர்கள் வட்டியைத் தின்று தீர்த்து முதலிலும் கைவைத்துவிட்டவர்கள்.

அதனால் விளையும் அபாயங்கள் கற்பனையல்ல. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறைப் பிரதேசம். அங்கே நீர் பாறையின் சிதைந்த மேற்பரப்பிலும் வெடிப்புகளிலும் மாத்திரமே தங்குகிறது. ஒருவர் ஆழமாகப் போர் போட்டால் அடுத்தவருடைய கிணறு வற்றுவதும், அவர் அதனினும் ஆழமாகப் போடுவதும், இறுதியில் இருவருமே கடனாளிகளாவதும் நாம் பிரத்தியட்சமாகக் காண்பவை. கடற்கரையிலோ, சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிகழ்ந்ததுபோல், நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்துவிடுகிறது. ஒருமுறை உப்பேறிய படுகை மீண்டும் நன்னீராவதற்குப் பல்லாண்டுகள் வேண்டும். ஆற்றுமணலை வரம்பின்றி அள்ளினால், மழைநீரைத் தாங்கி நிறுத்தும் படுகையே போய்விடுவதோடு, ஆற்றின் மட்டம் தாழத் தாழ இரு கரைக் கிணறுகளின் நீரும் அதற்குள் வடிந்துவிடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நீரில் கலந்துள்ள ஃப்ளூரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் உச்சவரம்பைத் தாண்டும் இடங்களில் பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது; ஆகையால் நீர் எவ்வளவு என்பதோடு எத்தகையது என்பதையும் பரிசோதித்தறிவது அவசியம்.

சட்டம் நமக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கிறது? தம் நிலத்தின் கீழுள்ள நீரை நிலச் சொந்தக்காரர் இஷ்டம்போல் எடுத்துக்கொள்ளலாம் என்று கருதத்தக்க 1882ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003இல் இயற்றிய சட்டமோ 2013இல் ரத்தாயிற்று. ஆயினும், மாசற்ற நீரைப் பெறுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு உறுதிசெய்யும் உயிர்வாழும் உரிமையின் அங்கம் என்று 1991இலும், இயற்கை வளங்களுக்கு அரசாங்கம் சொந்தக்காரரல்ல, மக்களுக்காகப் பாதுகாக்கும் தர்மகர்த்தாவே என்று 1996இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தர்மகர்த்தாவிடம் கணக்குக் கேட்பது அபராதமாகாது.

இனி, செய்யவேண்டியவற்றை முறைப்படி பார்ப்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து, உங்கள் பிர்கா எந்த வகையைச் சேர்ந்தது, அருகிலுள்ள குவாரிக்கு அளித்த அனுமதியின் எல்லையும் ஆழமும் காலமும் யாவை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். மணல் முதலிய சிறு கனிமங்களுக்கான மாவட்ட ஆய்வறிக்கையின் வரைவை, 2016ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட இணையதளத்திலும் 21 நாள் பார்வைக்கு வைக்கவேண்டும். ஆட்சேபணைகளை அந்த அவகாசத்துக்குள் எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதிக்காகப் பொது விசாரணை நடைபெறும் திட்டமானால், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரப்படவேண்டும். அங்கே பேசிவிட்டு உடனே வீடு திரும்பிவிடாதீர்கள். கூட்டத்தின் முடிவில், சொல்லப்பட்ட கருத்துகளின் சாரத்தை மக்கள் மொழியில் உரக்கப் படித்துக்காட்டிய பிறகே நடவடிக்கைக் குறிப்பில் தலைமை அதிகாரி கையொப்பமிடவேண்டும் என்பது விதி. உங்கள் ஆட்சேபணை அதில் விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து திருத்தக் கோருங்கள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22இல் கூடும் கிராம சபையில் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தைப் பதிவுசெய்து, வேண்டிய தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் நலனுக்காக, 2015இல் திருத்திய கனிமச் சட்டத்தின் கீழ் அமைந்துள்ள மாவட்டக் கனிம அறக்கட்டளையின் நிதி, குடிநீர், சுகாதாரம் முதலியவற்றுக்கு எவ்வாறு செலவாகிறது என்றும் விசாரியுங்கள்.

அனுமதியின்றிக் கனிமம் எடுப்பது அச்சட்டத்தின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நாள், நேரம், இடம், புகைப்படம் ஆகியவற்றுடன் வட்டாட்சியருக்கும் மாவட்டக் கனிம வளத் துறைக்கும் புகார் அனுப்பலாம். அதிகாரிகள் அசட்டையாக இருந்தால், சென்னையில் தென்மண்டல அமர்வைக் கொண்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை, வழக்குக்குரிய காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் அணுகலாம். நஷ்டஈடு கோருவதற்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்கும் மேல்முறையீட்டுக்கோ 30 நாளே கெடு. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம்.

நியாயமான கோரிக்கைகள் பல, தகுதிக் குறைவால் அல்ல, தாமதத்தால் தோற்றிருக்கின்றன. தோண்டிய குழியைப் பழைய நிலமாக்கவும், உப்பேறிய ஊற்றை நன்னீராக்கவும் எந்தத் தீர்ப்பாலும் இயலாது. அனுமதி தருமுன் எழுதிய ஒரு பக்க ஆட்சேபணையால் அவற்றைத் தடுத்திருக்க இயலும். ஆதலால், இந்த மாதமே உங்கள் பிர்காவின் நிலையைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். வருகிற பதிலை ஊரார் அனைவரும் படிக்கும்படி பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள்.