தேரை இழுப்பது கையா, காலா?

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வடம் பிடித்தவர்கள் ஒரு கணத்தை மறக்கவே மாட்டார்கள். ஆண்டாளும் ரெங்கமன்னாரும் தேரில் எழுந்தருளியாயிற்று. தெருவில் கிடந்த வடங்கள் எழுந்து விறைக்கின்றன. 'கோவிந்தா' என்ற குரல் கூட்டத்தின் ஒரு முனையில் கிளம்பி மறுமுனைக்கு ஓடுகிறது. அத்தனை கைகளும் சேர்ந்து இழுக்கின்றன. தேர் அசையவில்லை. மறுபடி ஒரு குரல், மறுபடி ஓர் இழுப்பு. எங்கோ மரம் முனகுகிறது. மேலே தொங்கும் தொம்பைகள் லேசாக ஆடுகின்றன. பிறகு தேர் வருகிறது, வேகமாகவே வருகிறது. முதல் ஓரடிக்கு அவ்வளவு பாடுபடுத்திய தேர், அடுத்த ஐம்பதடியை எப்படி அவ்வளவு சுலபமாகக் கடந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் படித்த விசைகள் எல்லாமே ரத வீதிக்கு வந்துவிடும். ஈர்ப்பு, உராய்வு, காற்றின் தள்ளல் என்று ஒன்று பாக்கியில்லை.

கணக்குக்கு வசதியாக 100 டன் எடையுள்ள தேர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருவாரூர் ஆழித்தேரை 300 டன் என்பார்கள். எடை கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது. பூமி இந்த 100 டன்னையும் நேராகக் கீழே இழுக்கிறது. தரை அதே அளவு விசையோடு மேல்நோக்கித் தாங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், சமதளத் தெருவில் ஈர்ப்பு விசை தேரை முன்னே போகவிடாமல் நேரடியாகத் தடுப்பதில்லை. அதன் வேலை வேறு. சக்கரத்தைத் தரையோடும், சக்கரத்தின் குடத்தை அச்சோடும் அழுத்திப் பிடிக்கிறது. அப்படி அழுந்திய இடங்களில்தான் உராய்வு பிறக்கிறது.

உராய்வே இல்லாத தெரு ஒன்று இருந்தால் என்ன ஆகும்? 10 கிலோ எடையைத் தூக்கும் பலமுள்ள ஒரு சிறுவன் போதும். அவன் அந்த விசையோடு விடாமல் இழுத்தால் 100 டன் தேர் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய ஆறடி நகர்ந்திருக்கும். நியூட்டனின் இரண்டாம் விதி சொல்லும் கணக்கு இது. ஆனால் அந்தத் தெருவில் சிறுவனால் நிற்கவே முடியாது. வடத்தை இழுத்த மாத்திரத்தில் அவன் கால் வழுக்கி, தேரை நோக்கிச் சறுக்கிக்கொண்டு போவான். தேரைத் தடுக்கும் உராய்வை எடுத்துவிட்டால், தேரை இழுக்கவைக்கும் உராய்வும் சேர்ந்து போய்விடுகிறது.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கை வடத்தை இழுக்கிறது, வடம் அதே அளவு விசையோடு கையை இழுக்கிறது. தேர், வடம், மனிதர்கள் எல்லோரையும் ஒரே உருப்படியாகப் பார்த்தால் இந்த இரண்டும் உள்ளுக்குள்ளேயே தீர்ந்துபோகும். வெளியிலிருந்து கிடைத்து மொத்தத்தையும் முன்னே செலுத்தும் விசை ஒன்றே ஒன்றுதான். இழுப்பவர்களின் பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ளும்போது, தரை பாதத்தை முன்னோக்கித் தள்ளுகிறதே, அது. புதிதாக வடம் பிடிக்க வரும் பையனைப் பார்த்துப் பெரியவர்கள் 'காலை ஊன்று' என்று சத்தம் போடுவதில் முழு இயற்பியலும் இருக்கிறது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் வெறுங்காலோடு காய்ந்த சாலையில் நிற்கிறார். பாதத்துக்கும் சாலைக்கும் உராய்வுக் கெழு 0.6 என்று கொண்டால், அவர் எவ்வளவு புஜபலம் உள்ளவராக இருந்தாலும் 36 கிலோவுக்கு மேல் இழுக்க முடியாது. அதற்கு மேல் இழுத்தால் கால் வழுக்கும். அதே தெரு சேறாகி உராய்வு 0.2-க்கு இறங்கினால் அவருடைய இழுப்பு 12 கிலோவாகச் சுருங்கிவிடும். ஆள் அதே ஆள், பலம் மூன்றில் ஒரு பங்கு.

தலைக்கு 30 கிலோ என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். சக்கரமே இல்லாமல் 100 டன்னைத் தரையில் தேய்த்து இழுக்க வேண்டுமானால் அதன் எடையில் ஏறத்தாழ பாதி, அதாவது 50 டன் அளவு விசை வேண்டும். 1,600 பேருக்கு மேல் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். சக்கரம் வந்ததும் கணக்கு தலைகீழாகிறது. உருளும் சக்கரம் தரையில் தேய்வதில்லை. தேய்மானம் அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே போய்விடுகிறது. அங்கே மசகு போடலாம். சக்கரம் ஆறடி, அச்சு அரையடி என்றால் அந்தத் தேய்மானத்தின் தடை, சக்கரத்தின் விளிம்பில் பன்னிரண்டில் ஒரு பங்காகவே தெரியும். நல்ல சாலையில் மொத்தத் தடை எடையில் 3 சதவீதம் என்றால் 3 டன் விசை போதும். 100 பேர்.

பிறகு ஏன் அந்தக் காலத்தில் தேர் நிலைக்கு வர நாட்கணக்கில் ஆயிற்று? மரச் சக்கரமும் மண் சாலையும்தான் காரணம். மண்ணில் சக்கரம் புதையும். புதைந்த சக்கரம் தன் முன்னால் எப்போதும் ஒரு சின்ன மேட்டை வைத்துக்கொண்டே உருளும். ஓயாமல் மேடேறுவது போல. மரமும் பாரத்தில் நசுங்கி, நிமிர்ந்து, மறுபடி நசுங்கும். ஒவ்வொரு நசுங்கலிலும் இழுப்பவர்களின் உழைப்பு கொஞ்சம் சூடாகிக் கரையும். தடை 15 சதவீதத்துக்கு ஏறினால் 100 பேர் வேலைக்கு 500 பேர் வேண்டும். இன்று பெரிய தேர்களுக்கு இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. திருவாரூர் தேருக்கு அவற்றைச் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். இரும்பு நசுங்குவது மிகக் குறைவு, தார்ச்சாலை புதைவதும் குறைவு. ஒரே நாளில் தேர் நிலைக்கு வருவதன் ரகசியத்தில் பாதி அது.

இதே தேரை ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்துத் தண்டவாளத்தில் நிறுத்தினால் என்ன? எஃகின் மேல் எஃகு உருளும்போது தடை 0.2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 200 கிலோ விசை, ஏழு பேர். அடுத்த நிலையமான ராஜபாளையம் வரை பொதிகை எக்ஸ்பிரஸ் ஓடும் ஓட்டம் இந்தச் சொற்பத் தடையின் மேல்தான். ஆனால் அதே பாதை செங்கோட்டையைத் தாண்டிப் புனலூருக்கு மலையேறும்போது ஈர்ப்பு விசை குறுக்கே வந்துவிடுகிறது. 50 அடிக்கு ஓரடி ஏற்றம் என்றாலே எடையில் 2 சதவீதம் பின்னோக்கி இழுக்கும். சமதளத் தடையைப் போலப் பத்து மடங்கு. அதனால்தான் அந்த மலைப்பாதையில் ரயிலுக்குப் பின்னாலும் ஓர் எஞ்சின் பூட்டித் தள்ளுகிறார்கள். தேரில் அந்த வேலையைச் செய்பவர்கள் தடி போடுபவர்கள்.

அவர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நின்றிருக்கும் தேரைக் கிளப்புவதுதான் கஷ்டம் என்று பார்த்தோம். நிற்கும்போது அச்சில் இருக்கும் மசகு பாரத்தில் பிதுங்கி வெளியேறிவிடும். சக்கரம் தரையில் ஒரு சின்னப் பள்ளத்தை ஏற்படுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். தேய்க்கத் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் நிலை உராய்வு, தேய்ந்துகொண்டிருக்கும்போது இருக்கும் இயக்க உராய்வைவிட அதிகம். இதில் ஒரு கறார் உண்டு. எல்லையைத் தாண்டாத இழுப்பு எதுவும் சேமிப்பில் சேராது. ஐந்து டன் வேண்டிய இடத்தில் இப்போது நான்கு டன், ஒரு நொடி கழித்து நான்கு டன் என்று இழுத்தால் எட்டு ஆகாது, தேர் நின்றபடியே நிற்கும். அத்தனை பேர் இழுப்பும் ஒரே நொடியில் குவிய வேண்டும். பக்தியோடு எழும் அந்த 'கோவிந்தா' இங்கே ஒரு கடிகாரமாகவும் வேலை செய்கிறது.

அந்த நொடியில்தான் பின்சக்கரங்களுக்கு அடியில் தடி விழுகிறது. பத்தடித் தடியின் முனையில் அரையடியைச் சக்கரத்துக்கடியில் கொடுத்து, மறுமுனையில் ஆள் ஏறித் தொங்கினால் அது நெம்புகோல். 19-க்கு 1. 60 கிலோ மனிதர் தன் எடையை மட்டும் கொடுத்து ஒரு டன்னுக்கு மேல் நெம்புகிறார். தேரைத் தரையோடு பிடித்து வைத்திருக்கும் அதே ஈர்ப்பு விசையை அவர் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார். வடம் பிடிக்கும் கூட்டத்தைப் படம் பிடிப்பவர்கள் பின்னால் வந்து இவர்களையும் பிடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வடத்துக்கு வருவோம். 2024-ல் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்தபோது தமிழகம் முழுக்கப் பேச்சானது. வடம் என்பது தென்னை நார்களின் கூட்டம். ஒரு நார் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். நூறடி வடத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும் நார் ஒன்றுகூடக் கிடையாது. பசையும் கிடையாது. அப்படியானால் இழுப்பைக் கடத்துவது எது? முறுக்கு. முறுக்கிய நார்களை இழுக்க இழுக்க அவை ஒன்றையொன்று இறுக்கும். இறுக இறுக உராய்வு கூடும். நார் நழுவ முடியாமல் பக்கத்து நாரிடம் பாரத்தை ஒப்படைக்கும். பல வடங்களில் ஒன்று மட்டும் விறைத்து மற்றவை தொய்ந்திருந்தால் பங்கு போக வேண்டிய பாரம் முழுவதும் அந்த ஒன்றின் மேல் விழும். தொய்ந்த வடத்தைச் சட்டென்று வெட்டி இழுப்பது இன்னும் மோசம். சீராகக் கொடுக்கும் இழுப்பைப்போலப் பல மடங்கு விசை ஒரு கணத்தில் நாருக்குள் பாயும்.

இந்த முறுக்கின் கதையை வாழ்க்கையாகக் கொண்ட ஊர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போலத் தள்ளி இருக்கும் ராஜபாளையம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து அங்கே பஞ்சு நூலாகிக்கொண்டிருக்கிறது. பஞ்சு இழை மூன்று சென்டிமீட்டர் அளவு. அதிலிருந்து பல கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாத நூல். ஒற்றைப் பஞ்சு நூல் ஒன்றை எடுத்து முறுக்கை முழுக்க அவிழ்த்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெண்ணெயிலிருந்து முடி வருவதுபோல இழை இழையாகப் பிரிந்து வரும். எதிர்த்திசையில் முறுக்கினால் அதே நூல் கையை அறுக்கும்.

மில்லுக்குள் உராய்வு நண்பனாகவும் தொல்லையாகவும் ஒரே சமயத்தில் இருக்கும். நூல் நூற்கும் எந்திரமான ரிங் ஃப்ரேமில் டிராவலர் என்றொரு சின்ன உலோக வளையம், நூலைத் தாங்கியபடி ரிங்கைச் சுற்றி மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அந்த உராய்வுதான் நூலுக்கு வேண்டிய விறைப்பைத் தருகிறது. அந்த உராய்வேதான் டிராவலரைச் சூடாக்கித் தேய்த்து, அடிக்கடி மாற்ற வைக்கிறது. காற்று வறண்டால் இழைகளில் மின்னூட்டம் ஏறி ஒன்றையொன்று விலக்கும், ஓட்டம் கெடும். மில் கூடத்தில் எப்போதும் ஈரப்பதம் வைத்திருப்பது அதற்கும் சேர்த்துத்தான். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி காயத்தின் மேல் சுற்றிய இடத்திலேயே நிற்பதும் அதே உராய்வின் தயவால்.

மறுபடி ரத வீதி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் காற்று 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஆறு கிலோ எடை அளவுக்குத் தள்ளும். துணியும் தொம்பையுமாகத் தேரின் முகப்பு 100 சதுர மீட்டர் என்றால் 600 கிலோ. வலமாக வரும் தேர் தெற்கு ரத வீதியில் மேற்கு நோக்கிப் போகும்போது மேல்காற்றை எதிர்கொள்ளும். இருபது பேர் கூடுதலாக வேண்டும். வடக்கு ரத வீதியில் அந்த இருபது பேர் வேலையைக் காற்றே செய்யும். மற்ற இரு வீதிகளில் காற்று பக்கவாட்டில் மோதும். தேர் சாயாதா? கனமான மரச் சிற்பங்கள் எல்லாம் அடியில், மேலே உயர்ந்து நிற்பது மூங்கிலும் துணியும். ஈர்ப்பு மையம் தாழ இருப்பதால், கோபுரம்போல் தெரிந்தாலும் கனத்தில் அது ஒரு மேடைதான்.

ஓடும் தேரை நிறுத்துவது, கிளப்புவதைவிட உயிராபத்தான வேலை. நொடிக்கு அரை மீட்டர், அதாவது சாதாரண நடையில் பாதிக்கும் குறைவு. அந்த வேகத்திலும் 100 டன்னை அரை மீட்டருக்குள் நிறுத்த இரண்டரை டன் எதிர்விசை வேண்டும். பத்து சென்டிமீட்டருக்குள் நிறுத்தப் பன்னிரண்டரை டன். முட்டுக்கட்டை போடுபவர் உருண்டுவரும் சக்கரத்துக்கு முன்னால் ஆப்பு வடிவக் கட்டையை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். சக்கரம் அதன் மேல் ஏறுகிறது. அந்த ஏற்றத்தில்தான் சூட்சுமம். தேர் முழுவதும் ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்தாலே அதன் ஓட்டம் அத்தனையும் தீர்ந்துவிடும். முன்சக்கரம் மட்டும் ஏறினால் மூன்று சென்டிமீட்டர் போதும். தேரை நிறுத்துவது அதன் சொந்த எடை. கட்டை செய்வது, அந்த எடையைக் கொஞ்சம் தூக்கச் சொல்வது மட்டும்.

மூலை திரும்புவது தனி வித்தை. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. அச்சுகள் அசையாதவை, எனவே திரும்ப வேண்டுமானால் சக்கரம் உருளாமல் பக்கவாட்டில் தேய்ந்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் மட்டும் 3 சதவீதக் கணக்கு செல்லாது. ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் தடுத்து, மறுபக்கத்தை முன்னே விட்டுத் திருப்புவார்கள். திருவாரூரில் இரும்புத் தகடுகளைப் பரப்பிக் கிரீஸ் தடவி அதன் மேல் வழுக்க விடுகிறார்கள். ஊர் முழுக்க உராய்வைத் தேடிக் காலை ஊன்றும் திருவிழாவில், இந்த நான்கு மூலைகளில் மட்டும் உராய்வை விரட்டுகிறோம்.

நான்காவது மூலையும் தாண்டித் தேர் தன் இடத்துக்கு வந்ததும் 'நிலைக்கு வந்தாச்சு' என்பார்கள். இயற்பியலில் நிலை உராய்வு என்பதும் தேர் நிற்கும் இடத்துக்கு நிலை என்பதும் ஒரே சொல்லாக அமைந்திருப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பார்கள். வடத்தைச் சுருட்டுவார்கள். துணி இறங்கும், மூங்கில் இறங்கும். இனி வருகிற மாதங்களில் அச்சிலிருந்து மசகு மெல்லப் பிதுங்கும், சக்கரங்கள் தம் இடத்தில் அழுந்தும். அடுத்த ஆடியில் முதல் 'கோவிந்தா' எழும்போது வடம் பிடித்தவர்கள் வெல்ல வேண்டியது இந்த ஒரு வருட அழுத்தத்தை.