கம்பைல் ஆகவில்லையா? அவசரப்பட்டு ‘சூடோ’ தட்டாதீர்கள்

கணினியின் சூட்டையும் விசிறியின் வேகத்தையும் காட்டும் மென்பொருளை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய உட்காருகிறவர்கள் முதல் பிழைச் செய்தியிலேயே பதறிப்போகிறார்கள். கம்பைல் நின்றுபோனதால் கணினிக்கு எந்தக் கேடும் வந்துவிடாது. பதற்றத்தில், எங்கோ கண்ட கட்டளையை, முழு நிர்வாக (ரூட்) உரிமை தரும் ‘சூடோ’வைச் சேர்த்து ஒட்டுகிறோமே, அப்போதுதான் கேடு வருகிறது.

லினக்ஸில் இந்த வேலைக்கு அடித்தளம் எல்எம்-சென்சார்ஸ் என்ற மென்பொருள். அதன் லிப்ரரியை நம்பியிருக்கும் ஒரு நிரலைக் கம்பைல் செய்தால் டெர்மினலில் வரிவரியாக ஓடி, கடைசியில் ‘மேக்: எர்ரர் 2’ என்று நிற்கும். பலர் அந்தக் கடைசி வரியைத்தான் தேடிப் பார்க்கிறார்கள். அதில் ஒரு தகவலும் கிடையாது. மேலே போய், ‘எர்ரர்’ என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தைப் படியுங்கள். பெரும்பாலும் ‘சென்சார்ஸ்.எச்: அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்றிருக்கும். எல்எம்-சென்சார்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். இயக்குவதற்கான பேக்கேஜ் வேறு, கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் பேக்கேஜ் வேறு. டெபியனிலும் உபுண்டுவிலும் அதன் பெயர் லிப்சென்சார்ஸ்-டெவ், ஃபெடோராவில் எல்எம்_சென்சார்ஸ்-டெவெல். அதை நிறுவினால், கீழே வரிசைகட்டி நின்ற மற்ற பிழைகளில் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடும். ஹெடர் கோப்பை மட்டும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி உள்ளே போடுவது கூடவே கூடாது. பதிப்பு பொருந்தாமல் போனால் சூட்டின் அளவே தப்பாகத் தெரியக்கூடும்.

பழைய நிரல்களில் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று லிங்கர் முரண்டு பிடித்தால், 2020இல் வந்த ஜிசிசி 10 கம்பைலர் தன் இயல்பு அமைப்பை மாற்றியது காரணமாக இருக்கலாம். ‘-எஃப்காமன்’ என்ற தெரிவைச் சேர்த்தால் தற்காலிகமாக ஓடும். நிரலைத் திருத்துவதே சரியான தீர்வு.

சென்சார் சிப்புக்கான கெர்னல் மாட்யூலைக் கட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். ஓடுகிற கெர்னலின் பதிப்பும் ஹெடரின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பைல் ஆன பிறகும் ‘கீ வாஸ் ரிஜெக்டெட்’ என்று மறுத்தால், நம்பகமான கையொப்பம் இல்லாத மாட்யூலைத் தடுக்கும் செக்யூர் பூட் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அதை அணைத்துவிடச் சொல்லும் அறிவுரைகள் ஏராளம். அணைக்காதீர்கள். சொந்தச் சாவி ஒன்றை உருவாக்கி, மாட்யூலில் கையொப்பமிட்டு, மோக்யூட்டில் என்ற கருவி வழியாக அந்தச் சாவியைப் பதிவுசெய்யலாம். அரைமணி நேர வேலைதான்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று கேட்கலாம். பழைய ஐபிஎம் திங்க்பேட்கள் சிலவற்றில், சென்சாரைத் தேடி எல்எம்-சென்சார்ஸ் தட்டிப் பார்த்ததிலேயே ஈப்ராம் நினைவகச் சிப்பின் தரவு கெட்டு, கணினி பூட் ஆகாமல் போனது. பிறகு ஐபிஎம் லேப்டாப் என்று தெரிந்தால் இயங்க மறுக்கும்படி டிரைவரை மாற்றினார்கள். விண்டோஸிலும் இத்தகைய மென்பொருள்களில் ஆபத்து உண்டு. பல கண்காணிப்பு மென்பொருள்கள் நம்பியிருந்த விண்ரிங்0 டிரைவரில் இருந்த ஓட்டைக்காக, 2025இல் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அதைத் தடுக்கத் தொடங்கியது.

மூலநிரல் என்பதாலேயே பாதுகாப்பு என்றும் நம்பிவிட முடியாது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் 2024 மார்ச்சில் நிரலாளர் ஆன்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்த பின்வாசலைச் செருகும் வரிகள், 5.6.0, 5.6.1 வெளியீட்டுத் தொகுப்புகளின் கம்பைல் ஸ்கிரிப்டுக்குள் இருந்தன. கம்பைல் நடக்கும்போதுதான் அவை தீநிரலை உள்ளே சேர்த்தன. ஆகவே ‘கான்ஃபிகர்’, ‘மேக்’ இரண்டையும் சாதாரணப் பயனராகவே ஓட்டுங்கள். முடிந்தவரை ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே நிறுவுங்கள். ‘கான்ஃபிகர்’, ‘மேக்’ படிகளுக்கு ரூட் உரிமை தேவையே இல்லை.

இனி உரிமை. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. நீங்கள் வாங்கிய ரவுட்டரிலோ நாஸ் சேமிப்புப் பெட்டியிலோ அது இருந்தால், மூலநிரலோடு கம்பைல், நிறுவல் ஸ்கிரிப்டுகளையும் தர வேண்டிய கடமை விற்றவருக்கு உண்டு. பெட்டியோடு தராவிட்டால், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்துப்பூர்வமான வாக்குறுதி தர வேண்டும். சில விற்பனையாளர்கள் பாதி நிரலை மட்டும் கொடுத்துவிட்டு, அது கம்பைல் ஆகாமல் போவது உங்கள் தவறு என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். 2004இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் லினக்ஸ் நிரலாளர் ஹெரால்ட் வெல்டே தொடுத்த வழக்கில் சைட்காம் நிறுவனத்துக்கு எதிராக ஜிபிஎல்லை நிலைநாட்டியது. வாங்கியவருக்கே மூலநிரலைக் கேட்கும் உரிமை உண்டு என்று வாதிட்டு, சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி 2021இல் அமெரிக்காவில் தொலைக்காட்சி நிறுவனமான விஸியோ மீது வழக்குத் தொடுத்தது.

ஆனால் அதே உரிமம் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. கணினி கெட்டால் நிரல் எழுதியவரிடம் பொதுவாக இழப்பீடு கேட்க இயலாது. உதவி கேட்கத் தடையில்லை. கேட்கும்போது முதல் பிழையின் முழு வரி, அதற்கு முந்தைய பத்து வரி, கெர்னல் பதிப்பு, ஜிசிசி பதிப்பு, மதர்போர்டின் மாடல் ஆகியவற்றை எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் பராமரிப்பாளரால் அதற்குள் தேடிப் பார்க்க முடியாது.