டாட் இடம் மாறும், கோணம் மாறாது

தட்டையான துணியை வளைவான உடம்பின் மேல் படிய வைக்கும் மடிப்புக்குத் தையல் கடைகளில் டாட் என்று பெயர். துணியின் ஓரத்தில் அகலமாகத் தொடங்கி, உள்ளே போகப் போக ஒடுங்கி ஒரு புள்ளியில் முடியும் முக்கோணம் அது. ரவிக்கையின் முன்பாகத்தில் டாட் பிடிக்காமல் விட்டால், மார்புக்குச் சரியாக இருக்கும் துணி இடுப்பில் தொளதொளவென்று நிற்கும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு காகித வட்டமே காட்டிவிடும். ஓரத்திலிருந்து மையம் வரை கத்தரித்து, வெட்டிய ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினால் காகிதம் கூம்பாக எழும். அதிகம் ஏற்றினால் கூம்பு கூர்மையாகும். ஆனால் வெட்டு வட்டத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கூம்பு ஒன்றுதான். டாட்டை இடம் மாற்றும் வித்தை முழுவதும் இதில்தான் நிற்கிறது. உச்சியில் உள்ள கோணத்தைக் காப்பாற்றினால் போதும். மடிப்பு எந்த ஓரத்திலிருந்து வரவேண்டும் என்பது வடிவமைப்பவரின் விருப்பம்.

பழகுவதற்குத் தையல் விடுவு சேர்க்காத, ஒரே ஒரு இடுப்பு டாட் உள்ள முன்பாகப் பேட்டர்ன் ஏற்றது. மார்பின் உச்சிப் புள்ளியைக் குறித்து, டாட்டின் இரு கோடுகளையும் அதுவரை நீட்ட வேண்டும். தோள், கழுத்து, கைக்குழி, பக்கத் தையல் என்று புதிய டாட் வேண்டிய இடத்திலிருந்தும் அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். புதிய கோட்டையும் பழைய டாட்டின் ஒரு கோட்டையும் புள்ளிக்கு மயிரிழை முன்வரை வெட்டி, பழைய டாட்டை மூடி ஒட்டினால் புதிய இடம் தானே விரியும். பேட்டர்னை வெட்ட மனமில்லாதவர்கள் உச்சியில் குண்டூசி குத்தி, பேட்டர்னைச் சுழற்றி வரைந்துகொள்ளலாம், விளைவு ஒன்றே.

கற்பவர்கள் தடுமாறுவது அடுத்த கட்டத்தில். உச்சியிலிருந்து 16 செ.மீ. நீளமும், ஓரத்தில் 4 செ.மீ. அகல வாயும் உள்ள இடுப்பு டாட்டை, 24 செ.மீ. தொலைவிலுள்ள தோளுக்கு மாற்றினால் வாய் 6 செ.மீ. ஆகும். 12 செ.மீ. தொலைவிலுள்ள பக்கத் தையலுக்கு மாற்றினால் 3 செ.மீ. மட்டுமே. கணக்கு தவறிவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். நீளம் மாறுவதால் வாயும் மாறுகிறது, கோணம் அப்படியே இருக்கிறது.

அந்தக் கோணத்தைப் பங்கு போடவும் முடியும். ஒரே பெரிய டாட் துணியைக் கூராகத் தூக்கும். அதையே மூன்று நான்காகப் பிரித்தால் உருண்டையாகப் படியும். டாட்டைத் தைக்காமல் சுருக்கமாகவும் மாற்றலாம். தோளிலோ கைக்குழியிலோ தொடங்கும் டாட்டையும் இடுப்பு டாட்டையும் ஒரே தையலாக இணைத்தால் முன்பாகம் இரண்டு துண்டாகும். அதுதான் பிரின்சஸ் கட்.

பேட்டர்னைச் சுழற்றுவது உச்சியை வைத்துத்தான் என்றாலும், தையலை அதற்கு 2 செ.மீ. அளவு முன்பே முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நுனி துருத்தும். டாட்டின் வாயையும் நேராக வெட்டிவிடக் கூடாது. இஸ்திரி போடும்போது எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கமாகக் காகிதத்தை மடித்து, மடித்த நிலையிலேயே ஓரத்தை வெட்டினால்தான் தைத்த பிறகு அந்த இடம் குறையாமல் இருக்கும். கட்டம் போட்ட துணிக்கு இன்னொரு கவனமும் தேவை. டாட் எங்கே போகிறதோ அங்கேதான் கோடுகள் உடையும். நடுமுன்பக்கத்தை நேர் இழையில் வைத்தால், சுழன்ற பகுதியில் கோடுகள் சாயும்.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும், உச்சிப் புள்ளி உடம்பில் ஒரு செ.மீ. தள்ளி விழுந்தால் டாட் கோணலாகத் தெரியும். விலை உயர்ந்த பட்டில் கத்தரி வைக்கும் முன் காடா துணியில் ஒருமுறை தைத்து, போட்டுப் பார்த்துவிடுங்கள்.