ஒரு கை தானியம், ஒரு துண்டு ரசீது

கொல்லையில் பத்துக் கோழி வளரும் வீடுகளில் அந்தக் கோழிகள் பெரும்பாலும் பெண்களின் கணக்கில் இருப்பவை. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் யாரிடமும் கேட்காமல் அவள் எடுத்துச் செலவு செய்யும் காசு. ஒரே காலையில் ஐந்தாறு கோழிகள் சுருண்டு விழுந்தால் அந்த வீட்டுக்கு அது பெரிய அடி. ஆனாலும் "சீக்கு வந்துருச்சு" என்று சொல்லிக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறோம். நேற்று மாலை என்ன போட்டோம், அதை எங்கே வாங்கினோம், மூட்டை எத்தனை நாளாகத் திறந்து கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். தீவனத்தால் வரும் கேடுகளில் பலவற்றை வீட்டிலேயே தடுத்துவிடலாம். காசு கொடுத்து வாங்கிய தீவனத்தால் வந்த கேடு என்றால், கடைக்காரரிடமும் தயாரித்த நிறுவனத்திடமும் இழப்பீடு கேட்கும் உரிமை அந்தப் பெண்ணுக்குச் சட்டப்படி உண்டு.

முதலில் அன்றாட முறை. மேய இடமிருக்கும் வீட்டில் வளர்ந்த கோழி ஒன்றுக்கு நாளுக்கு 40 முதல் 60 கிராம் கைத்தீவனம் போதும். பத்துக் கோழிக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அடைத்தே வளர்த்தால் ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். இதைக் காலையில் கொஞ்சம், மாலையில் மிச்சம் என்று பிரித்துப் போடுவதுதான் நல்லது. காலையிலேயே இரைப்பை நிறையப் போட்டால் கோழி மேயப் போகாது. புழு, பூச்சி, பச்சை இலை எல்லாம் அதற்குக் கிடைக்காமல் போகும். மாலைத் தீவனம் இரவு முழுவதும் தாங்கும். முட்டையின் ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி இரவில் நடக்கும் வேலை. ஒரு முட்டை ஓட்டில் இரண்டு கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கம்பும் அரிசியும் அதைத் தராது. அதனால் முட்டையிடும் பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட வேண்டும், தேவைப்பட்டது எடுத்துக்கொள்ளும். தீவனத்தின் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் எப்போதும் வேண்டும், சித்திரை வைகாசியில் இன்னும் அதிகம்.

மாலைத் தீவனத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. எல்லாக் கோழியும் ஒன்றுகூடும் நேரம் அது. எது வரவில்லை, எது இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாகத் தூங்கி நிற்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். வெள்ளைக்கழிச்சலானாலும் விஷமானாலும் முதல் அறிகுறி தீவனத் தட்டின் அருகிலேயே தெரிந்துவிடும். அதற்காகவே தட்டில் வைத்து, அருகில் நின்று போட வேண்டும். அரை மணி நேரத்தில் தின்னாத மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். மண்ணில் கிடக்கும் மிச்சம் எலியையும் காகத்தையும் அழைக்கும். காட்டுப் பறவைகளும் வீட்டுக் கோழியும் ஒரே இடத்தில் தின்பது பறவைக் காய்ச்சலுக்கு வழி. 2021 ஜனவரியில் ராஜஸ்தானில் காகங்கள் செத்து விழுந்தபோது அந்த நோய் உறுதிசெய்யப்பட்டது.

குஞ்சுகளின் கணக்கு வேறு. குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீதம் வரை புரதம் தேவை. குருணையில் இருப்பது எட்டு சதவீதம்தான். குருணை மட்டுமே தின்ற குஞ்சுகள் வளர்த்தியில்லாமல் நின்றுபோவதும், தாய் எவ்வளவு காத்தாலும் ஒவ்வொன்றாகச் சாவதும் இதனால்தான். பழைய பானையில் ஈரச் சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். குஞ்சுகளுக்கு இதைவிட மலிவான புரதம் கிடையாது. கடையில் குஞ்சுத் தீவனம் தீர்ந்துவிட்டால் முட்டைக்கோழித் தீவனத்தைக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான்மா" என்பார்கள். ஒன்றல்ல. முட்டைக்கோழித் தீவனத்தில் மூன்றரை சதவீதம் வரை சுண்ணாம்புச் சத்து உண்டு. குஞ்சுக்குத் தேவை ஒரு சதவீத அளவுதான். மிகுதி சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூட்டையில் எந்த வயதுக் கோழிக்கு என்று அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கூட்டிப்போங்கள்.

இனி, என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பூசணம் பிடித்த சோளம், சிக்கு வாடை அடிக்கும் கடலைப் புண்ணாக்கு, மழையில் நனைந்து காய்ந்த கம்பு. "நம்மால தின்ன முடியாது, கோழிக்காவது போடலாம்" என்பது எல்லா ஊரிலும் இருக்கும் பழக்கம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் செத்தன. காரணம் தெரியாமல் முதலில் அதற்கு எக்ஸ் நோய் என்றே பெயரிட்டார்கள். தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்று இன்று நாம் அறியும் நஞ்சு அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. வாத்துக் குஞ்சும் வான்கோழியும் போலக் கோழி உடனே விழுந்துவிடாது. ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும், முட்டை குறையும், நோய் எதிர்ப்பு சக்தி போகும். தடுப்பூசி போட்ட கோழிக்கே கழிச்சல் வந்துவிட்டது என்று ஊசியைக் குறை சொல்வார்கள். உண்மையில் புண்ணாக்கு காரணமாக இருக்கலாம். வறுத்தால், வேகவைத்தால், கழுவி வெயிலில் போட்டால் இந்த நஞ்சு போய்விடாது. வீட்டு அடுப்பின் சூட்டுக்கு அது அசையாது. கோழியின் ஈரலிலும் முட்டையிலும் அதன் எச்சம் தங்கக்கூடும், அதைத் தின்பது நம் பிள்ளைகள்தான். கோழித்தீவனத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1374, ஒரு கிலோவில் அஃப்ளாடாக்சின் பி1 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு அது. பூசணம் கண்ணுக்குத் தெரிந்தால் அளவெல்லாம் பார்க்காமல் அந்த மூட்டையை ஒதுக்கிவிட வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வரும் அளவுக்குத் தீவனம் வாங்கிச் சேர்க்கக்கூடாது. மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டை மேலோ செங்கல் மேலோ வைத்து, சுவரிலிருந்து தள்ளி அடுக்க வேண்டும்.

மிச்சச் சோற்றில் ஊறுகாயும் கருவாட்டுக் குழம்பும் கலந்திருந்தால் கோழிக்கு ஆபத்து. உப்பை அது தாங்காது, தண்ணீர் கிடைக்காத நாளில் செத்தே போகும். சிவப்பு அல்லது நீலச் சாயம் பூசிய விதை மீதியைக் கோழிக்குப் போடவே கூடாது. அந்தச் சாயம் பூஞ்சைக்கொல்லி கலந்த விதை என்பதற்கான எச்சரிக்கை. திரம் என்ற மருந்து கலந்த விதையைத் தின்றால் தோல்முட்டை வரும், கால் தளர்ந்துபோகும். இன்னொன்று, ரேஷன் அரிசியைத் தரகரிடம் மூட்டையாக வாங்கிக் கோழிக்குப் போடுவது 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டப்படி குற்றம். மலிவு என்று வாங்கி வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தீவனத்தில் கலக்கச் சொல்லிக் கடையில் கொடுக்கும் பொடிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "கலந்து போடுங்க, எடை கூடும்" என்பார்கள். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் பயன்படும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோழிக்கோ தீவனத்திலோ பயன்படுத்தத் தயாரிப்பதையும் விற்பதையும் 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் தடைசெய்தது. எந்தப் பொடியானாலும் மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் வாங்குங்கள். எத்தனை நாள் கழித்து முட்டையும் கறியும் தின்னலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

இப்போது உரிமை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராகக் கருதாது. இதைச் சொல்லித்தான் கடைக்காரர்கள் விரட்டுவார்கள்: "நீங்க முட்டை விக்கிறீங்கல்ல, உங்களுக்குச் செல்லாது." ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் விளக்கமாகச் சொல்கிறது. பத்துக் கோழி வைத்திருக்கும் பெண் இந்த விளக்கத்துக்குள் வருவார். பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே ஐந்து கிலோ வாங்கினாலும் ரசீது கேளுங்கள். தரவே இல்லையென்றால் பணத்தை போன் வழியாகச் செலுத்தி அந்தப் பதிவை வைத்துக்கொள்ளுங்கள்.

கோழிகள் திடீரென்று விழுந்த நாளில் செய்யும் முதல் வேலைகளில்தான் வழக்கு நிற்பதும் விழுவதும் இருக்கிறது. தீவனத்தை உடனே நிறுத்துங்கள், ஆனால் கொட்டிவிடாதீர்கள். மூட்டையைப் பெயரும் தேதியும் தொகுதி எண்ணும் தெரியப் படமெடுங்கள். அதே மூட்டையிலிருந்து ஒரு கிலோவை இரண்டு பைகளில் போட்டு, அக்கம்பக்கத்தார் இருவர் முன்னிலையில் கட்டி, தேதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். செத்த கோழியை அறுத்துப் பார்க்காதீர்கள், குழம்பும் வைக்காதீர்கள். வெறுங்கையால் தொடாமல் பாலித்தீன் பையில் கட்டி ஒதுக்கி வைத்துவிட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணிலும் கேட்கலாம். எப்படிக் கொண்டுவருவது என்று மருத்துவர் சொல்வார். அழுகுவதற்கு முன் பிரேதப் பரிசோதனை நடந்து, அறிக்கை எழுத்தில் கைக்கு வரவேண்டும். தீவன மாதிரியைச் சோதிக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு மற்றும் தர உறுதி ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு விற்றவருக்கும் தயாரித்தவருக்கும் நடந்ததையும் கேட்கும் தொகையையும் எழுதி, சேர்ந்ததற்கான ஒப்புதல் கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதிலில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவும் சட்டம் வழிசெய்கிறது. செத்த கோழியின் விலையோடு இழந்த முட்டை வருமானத்தையும் கணக்கிட்டுக் கேளுங்கள். அதற்குத்தான் ஒரு நோட்டில் தினமும் முட்டை எண்ணிக்கையை எழுதி வைக்கச் சொல்கிறேன்.

தீவனத்தில் குற்றமில்லை, யாரோ வேண்டுமென்றே விஷம் வைத்தார்கள் என்றால் அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய புகார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, பிறருடைய விலங்கைத் தீய நோக்கத்தோடு கொல்வதற்கும் விஷமிடுவதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் பக்கத்து வயலில் மருந்து கலந்த விதை விதைத்திருக்கும்போது நம் கோழி அங்கே போய்த் தின்றுவிட்டு வந்து செத்தால், அந்த விவசாயியைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. விதைப்புக் காலத்தில் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்தோ பட்டியில் அடைத்தோ வைப்பது நம் பொறுப்பு. அந்த நாட்களில் கைத்தீவனத்தை இரட்டிப்பாக்குங்கள்.

பறவைக் காய்ச்சல் பற்றிய சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, அத்தகைய நோய் இருக்குமென்று சந்தேகித்தால் தகவல் சொல்வது வளர்ப்பவரின் கடமை. அதிகாரிகள் வந்து கோழிகளை அழித்தால் இழப்பீடு கிடைக்கும். அழிக்கப்படும் முட்டைக்கும் தீவனத்துக்கும்கூடக் கிடைக்கும். நோயில் தானாகச் செத்த கோழிக்குக் கிடைக்காது. பயந்துபோய் நான்கு நாள் மறைத்துவிட்டுச் சொன்னால், அதற்குள் செத்தவை எல்லாம் இழப்பீட்டுக் கணக்கில் வராமல் போய்விடும்.