கைக்கடிகாரத்தைத் தாங்குவது எது?

மாலை நேரம். குமணன்சாவடியில் நகரப் பேருந்தில் ஏறுகிறீர்கள். உட்கார இடமில்லை. கையை உயர்த்தி மேலேயுள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்தக் கையில் உங்கள் தந்தையார் பணி ஓய்வு பெற்றபோது கிடைத்த விலையுயர்ந்த கைக்கடிகாரம். போன வாரம்தான் வீட்டிலேயே அதற்குப் புதுத் தோல் வார் மாட்டினீர்கள். வண்டி சட்டென்று நிற்கிறது. தடுமாறிய ஒருவர் உங்கள் மணிக்கட்டைப் பற்றுகிறார். கடிகாரம் கழன்று தரையில் விழுகிறது.

வார் அறுந்ததா? இல்லை. அது புத்தம் புதிதாகவே இருக்கிறது. பிறகு எது கைவிட்டது?

கடிகாரக் கூட்டின் மேலும் கீழும் காதுகள் போல நான்கு நுனிகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் இணைக் காதுக்கும் நடுவே ஒரு மெல்லிய பின் இருக்கிறது. கடைக்காரர்கள் இதை 'ஸ்பிரிங் பின்' என்பார்கள். வாரின் முனையிலுள்ள துளைக்குள் இது புகுந்திருக்கிறது. உண்மையில் இது ஒரு சிறு குழாய். அதற்குள் ஒரு சுருள்வில். வில்லின் இரு பக்கமும் இரண்டு முனைகள். வில் அவற்றை வெளியே தள்ள, அவை காதுகளின் உட்புறத்திலுள்ள குழிகளில் போய் அமர்கின்றன. குழிக்குள் இருக்கும் பகுதி ஏறத்தாழ 1 மி.மீ. நீளமே. பல்லாயிரம் ரூபாய்க் கடிகாரமானாலும் அதைத் தாங்குவது இந்த ஒரு மில்லிமீட்டர்தான்!

முதல் உலகப் போர்க் காலத்துக் கைக்கடிகாரங்கள் பலவற்றில் கம்பியையே வளைத்துக் காதாகப் பற்றவைத்திருந்தார்கள். அதில் கழல்வதற்கு ஏதுமில்லை. ஆனால் வாரை மாற்றுவது தொல்லை. ஸ்பிரிங் பின் அந்தத் தொல்லையை நீக்கியது. எளிதில் கழற்றக்கூடியது எதுவும் எளிதில் கழலவும் கூடும் அல்லவா?

விழுந்தால் என்ன ஆகும்?

பேருந்துக் கம்பியின் உயரம் ஏறத்தாழ 1.8 மீட்டர் என்று கொள்வோம். அங்கிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 6 மீட்டர். அதாவது மணிக்கு 21 கிலோமீட்டருக்கு மேல். அதிர்ச்சி தாங்கும் கடிகாரங்களுக்கான பன்னாட்டுத் தரச் சோதனை, கெட்டியான மரத்தளத்தின் மீது 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஈடானது. 1.8 மீட்டரிலிருந்து விழுந்தால் மோதும் ஆற்றலும் அதைப்போல 1.8 மடங்கு. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் அசைந்தாடும் சமநிலைச் சக்கரத்தின் அச்சு நுனி தலைமயிர் அளவே பருமன் உள்ளது. அதன் கதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அளவில்தான் எல்லாம்

நாம் செய்யும் முதல் தவறு அளவில்தான். காதுகளுக்கு இடையிலுள்ள தூரம் பொதுவாக 18, 20, 22 மி.மீ. என்று இருக்கும். 20 மி.மீ. இடைவெளியில் 19 மி.மீ. பின்னைப் போட்டால் என்ன ஆகும்? குறைகிற 1 மி.மீ. இரு பக்கமும் சமமாகப் பங்கிடப்பட்டால், ஒவ்வொரு முனையும் குழிக்குள் அரை மில்லிமீட்டர் குறைவாகவே நுழையும். பிடிமானமே பாதியாகிவிட்டது! பார்வைக்கு மட்டும் எல்லாம் சரியாகவே தோன்றும்.

பள்ளி ஆய்வுக்கூடத்திலுள்ள வெர்னியர் அளவுகோலால் இதை எளிதாக அளக்கலாம். அது கிடைக்காவிட்டால் ஒரு தடித்த காகிதத் துண்டைக் காதுகளுக்கு இடையே இறுக்கமின்றிப் பொருந்தும்படி வெட்டி, அதைச் சாதாரண அளவுகோலின் மீது வைத்துப் பாருங்கள்.

அடுத்து, பழைய பின்னைச் சோதியுங்கள். நம் ஊர் வெப்பத்தில் மணிக்கட்டு எப்போதும் வியர்க்கிறது. வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு துருப்பிடிக்காத எஃகையும் நாளடைவில் புள்ளி புள்ளியாக அரிக்கும். முனையை விரலால் பலமுறை அழுத்தி விடுங்கள். உடனே துள்ளி எழவில்லை என்றாலோ, வளைந்தோ கறுத்தோ இருந்தாலோ அதைத் தூக்கி எறியுங்கள்.

வியர்வை தோலையும் விடுவதில்லை. தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். நனைந்து நனைந்து காயும்போது அது விறைத்து வெடிக்கிறது. ஆவாரம் பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோலைவிடக் குரோமிய உப்பால் பதனிட்ட தோல் ஈரத்தையும் வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே இப்படித் தோல் பதனிட்ட தொழிற்சாலை ஒன்றால்தான்.

செய்முறை

மேசைமேல் மடித்த துண்டை விரித்துக் கடிகாரத்தைக் கவிழ்த்து வையுங்கள். காதுகளின் மேல் ஒட்டும் நாடாவை ஒட்டிவிடுங்கள். காரணம் இதுதான்: மோஸ் கடின அளவில் தங்கம் 2.5 முதல் 3 வரை. சாதாரணக் கத்தியின் எஃகு ஏறத்தாழ 5.5. கடினமானது மெதுவானதைக் கீறும். கத்தி முனை ஒருமுறை வழுக்கினால் போதும், தங்கக் கூட்டில் நிரந்தரக் கோடு விழும். ஆகவே கத்தியைத் தொடாதீர்கள். இதற்கென்றே பிளவுபட்ட நுனியுள்ள கருவி ஒன்று கடிகாரக் கடைகளில் கிடைக்கிறது.

வாருக்கும் காதுக்கும் நடுவே அந்த நுனியைச் செலுத்தி, பின்னின் கழுத்திலுள்ள விளிம்பைப் பிடித்து உட்பக்கமாகத் தள்ளுங்கள். வில் அமுங்கும், முனை குழியை விட்டு வெளிவரும். அப்போது பின் துள்ளிப் பறந்து கட்டிலுக்கடியில் மறைவதும் உண்டு. கடிகாரத்தையும் கைகளையும் பெரிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

மாட்டும்போது, கொக்கி உள்ள குட்டைப் பகுதி 12 மணிப் பக்கம். துளைகள் உள்ள நீளப் பகுதி 6 மணிப் பக்கம். ஒரு முனையைக் குழியில் வைத்து, மறுமுனையை அமுக்கி நகர்த்துங்கள். 'டிக்' என்ற ஒலி கேட்கும். ஆனால் அந்த ஒலியை மட்டும் நம்பிவிடாதீர்கள். துண்டுக்கு மேலேயே வைத்து வாரை இழுத்தும் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள். சரியாக அமராத பின் அங்கேயே கழன்றுவிடும். பேருந்தில் கழல்வதைவிட அது நல்லதுதானே!

எல்லாக் கடிகாரங்களும் இதற்கு இடம் தரமாட்டா. சிலவற்றில் திருகாணி இருக்கும். சிலவற்றில் உலோகப் பட்டையும் கூடும் ஒரே வடிவமாக இணைந்திருக்கும். அவற்றைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

முதலில் சொன்ன கடிகாரம் விழுந்ததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். வார் புதிது, பின் பழையது. எனவே அடுத்த முறை வார் வாங்கும்போது, சரியான அளவில் இரண்டு புதுப் பின்களையும் கேட்டு வாங்குங்கள். வாரோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை மிகச் சொற்பம்.