கொய்யாவுக்கு ஒரு சிட்டிகை சீரகப் பொடி: தேயிலை மலைக்கு ஏற்ற சிற்றுண்டி

உடப்புசல்லாவைத் தோட்டங்களில் வேலை விட்டு வந்ததும் சீனி போட்ட தேத்தண்ணி, பிஸ்கட். சம்பள நாளென்றால் கடை வடை. பசி அடங்கிவிடும், ஆனால் உடம்புக்குச் சத்து சேராது. அதே கடைவீதிக்குக் கொய்யா, பேரிக்காய், பப்பாசி, ஆனைக்கொய்யா எல்லாம் பருவத்துக்குப் பருவம் வருகின்றன. பழம் என்றால் நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாங்குவது என்று இருந்துவிடாமல், வீட்டு அஞ்சறைப் பெட்டியின் துணையோடு அதை அன்றாடச் சிற்றுண்டியாக்க முடியும்.

நமக்கு ஏன் இது அவசியம்?

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இலங்கை முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். இந்தக் குறையைப் பழம் மட்டும் தீர்த்துவிடாது. முட்டை, பருப்பு, மீன், பால் வேண்டும். அவற்றை வாங்கப் போதிய கூலியும் வேண்டும். ஆனாலும் நம் கைக்கு எட்டும் ஒன்றை விட்டுவிடக் கூடாது.

இரத்தச்சோகைக்கும் பழத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கீரை, பருப்பு, கோதுமை மாவில் உள்ள இரும்புச்சத்தில் சிறிதளவையே உடம்பு எடுத்துக்கொள்கிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் அந்த இரும்பைப் பிடித்துவைத்து, உடம்பில் சேரும் அளவை இன்னும் குறைத்துவிடும். விற்றமின் சி அதைக் கூட்டும். 100 கிராம் கொய்யாவில் ஏறக்குறைய 228 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது. தோடம்பழத்தில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. ஆகவே காலை ரொட்டியோடு சில துண்டு கொய்யா சாப்பிடுங்கள். தேத்தண்ணியை ஒரு மணிநேரம் தள்ளிக் குடியுங்கள்.

உப்பைக் குறைக்க மசாலா

கடை அச்சாறு வாய்க்கு ருசிதான். ஆனால் உப்பும் சீனியும் அளவில்லாமல் சேரும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. சம்பலும் கருவாடும் உள்ள வீட்டில் அந்த அளவு சாப்பாட்டிலேயே முடிந்துவிடும். வறுத்த சீரகத்தின் வாசனையும், மிளகின் காரமும், தேசிக்காய்ப் புளிப்பும் இருந்தால் உப்பு குறைவது நாக்குக்குத் தெரியாது.

பொடி செய்யும் முறை

சீரகம் இரண்டு தேக்கரண்டி, மல்லி ஒன்று, மிளகு ஒன்று. எண்ணெய் விடாமல் சிறு தீயில் வறுங்கள். மல்லி பொரிந்து, சீரகம் ஒரு படி கறுத்து வாசனை எழும்பியதும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் கசக்கும். நன்றாக ஆறிய பிறகு இடித்து, ஈரமில்லாத போத்தலில் இறுக மூடிவையுங்கள். நம் பனிக்கும் மழைக்கும் பொடி சீக்கிரம் கட்டிபிடித்துவிடும் என்பதால் ஒரு வாரத்துக்குப் போதுமான அளவே செய்யுங்கள்.

எந்தப் பழத்துக்கு எது?

கொய்யா: செங்காயாக எடுத்து நறுக்கி, கால் தேக்கரண்டி பொடியும் தேசிக்காய்ச் சாறும் விட்டுப் பிரட்டுங்கள்.

பேரிக்காய்: துருவிய இஞ்சி கொஞ்சம், தேசிக்காய்ச் சாறு. புளிப்பு சேர்வதால் துண்டுகள் சீக்கிரம் கறுக்காது.

அன்னாசி: மிளகுத்தூளே போதும்.

ஆனைக்கொய்யா: சீனி போட்டுப் பிசைவதுதான் நம் வழக்கம். ஒருமுறை மிளகும் தேசிக்காயும் சேர்த்துப் பாருங்கள். ரொட்டிக்கு நல்ல தொட்டுக்கொள்ளல்.

வாழைப்பழம்: தயிரில் நறுக்கிப் போட்டு, ஒரு சிட்டிகை கறுவாத்தூள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

சுத்தமும் கவனமும்

பழத்தை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவிய பிறகே வெட்டுங்கள். வெட்டிய பழத்தை வெளியில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் முழுப் பழத்தைக் கழுவி எடுத்துச் சென்று, பொடியைத் தனிப் பொட்டலமாக வைத்துக்கொள்ளலாம். மருந்து தெளித்த செடியில் பட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் பழத்தைத் தொடாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் சாறு பிழியாமல் பழமாகவே, அளவாகச் சாப்பிட வேண்டும். சிறுநீரக நோயாளிகள் எந்தப் பழம், எவ்வளவு என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்; காமரங்காவை அவர்கள் தொடவே கூடாது. ஆறு மாதம் முடிந்து, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு உப்போ காரமோ சேர்க்காமல் மசித்த பப்பாசி, வாழைப்பழம் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கடினமான துண்டுகள் தொண்டையில் அடைக்கும், துருவிக் கொடுங்கள்.

லயத்துப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருந்தால் ஒரு மரத்தக்காளிக் கன்று நடுங்கள். மலைக் குளிருக்கு நன்றாக வரும். இரண்டு வருடத்துக்குள் காய்க்கும். தோலுரித்து மிளகு தூவிச் சாப்பிடலாம், சம்பலும் அரைக்கலாம். கடைக்குப் போகக் காசில்லாத நாளிலும் பிள்ளைகளுக்குப் பழம் கிடைக்கும்.