"என்ன தம்பி, நேத்து காணோம்?"
கூடைப்பந்து மைதானத்தில் கலைந்துபோன கூட்டம்

மாலை 5 மணி.

"டேய், ஒரு ஆள் குறையுது. சீக்கிரம் வாடா!"

இந்தக் குரல் கேட்டால் போதும். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு ஓடுவேன்.

சென்னையில் எங்கள் பேட்டையில் சிமெண்டுத் தரை போட்ட ஒரு கூடைப்பந்து மைதானம். பயிற்சியாளர் கிடையாது. நடுவர் கிடையாது. கோப்பையும் கிடையாது.

முதலில் வந்த 10 பேர் இரண்டு அணி. ஜெயித்த அணி நிற்கும். தோற்ற அணி வெளியே போகும். காத்திருப்பவர்கள் உள்ளே வருவார்கள். 'பவுல்' என்று ஒருவர் கத்துவார். இல்லை என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். கடைசியில் டீக்கடையில் சமாதானம்!

ஆட்டோ டிரைவர், பாங்கி அதிகாரி, கல்லூரி மாணவர், வெல்டிங் பட்டறைத் தொழிலாளி என்று எல்லோரும் வருவார்கள். யாரும் யாரிடமும் சம்பளம் கேட்டதில்லை. சாதி கேட்டதில்லை. பல பேரிடம் பெயரைக்கூட கேட்டதில்லை!

இடக்கை அண்ணன்

அவருக்கு 50 வயது இருக்கும். அதிகம் ஓட மாட்டார். ஓரமாக நின்று இடது கையால் போடுவார். 10 அடி உயர வளையத்துக்குள் பந்து சத்தமில்லாமல் விழும்.

ஒருநாள் போகாவிட்டால் மறுநாள் அவர்தான் கேட்பார்.

"என்ன தம்பி, நேத்து காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஆபீசில் என்னை அப்படிக் கேட்க ஆள் இல்லை.

விழுந்தது பூட்டு

2020 மார்ச் 25. கொரோனா ஊரடங்கு. மைதானத்துக்குப் பூட்டு.

இங்கே மட்டுமா? தெருவுக்குத் தெரு இப்படிக் கூடி ஆடும் நியூயார்க் நகரில், அதே மார்ச்சில் பூங்காக்களில் இருந்த வளையங்களையே கழற்றினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், குளிர்காலத்தில் வெளியே போக முடியாமல் தவித்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உருவாக்கிய ஆட்டம் இது. மாடியில் பழக்கூடையைக் கட்டி ஆட வைத்தார். அடைந்து கிடந்தவர்களுக்காகப் பிறந்த ஆட்டம், நாம் அடைந்து கிடந்தபோது நமக்குக் கிடைக்கவில்லை!

அண்ணன் எங்கே?

பூட்டு திறந்தது. பழைய கூட்டம் திரும்பவில்லை. ஒருவர் வேலை மாறி ஓசூர் போய்விட்டார். ஒருவருக்கு முழங்கால் வலி. இடக்கை அண்ணன் வரவே இல்லை.

அவர் போன் நம்பர்? இல்லை. வீடு எந்தத் தெரு? தெரியாது. பெயர்? அதுவும் தெரியாது!

டீக்கடைக்காரரைக் கேட்டேன். "அதுக்கப்புறம் நானும் பாக்கலையேப்பா" என்றார். ஆறாயிரம் டீ போட்ட கையாலும் விலாசம் சொல்ல முடியவில்லை.

இப்போது புதுப் பையன்கள் ஆடுகிறார்கள். நானும் ஓரமாக நின்று பந்து போடுகிறேன். போன வாரம் ஒரு பையன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான்.

"என்ன தம்பி, ரெண்டு நாளா காணோம்?"

என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"காய்ச்சல் அண்ணே" என்றான்.

அவன் பெயரைக் கேட்டேன். போன் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.